கன்சாஸுக்கு வாறன்

ஹோட்டலில் காலைச் சாப்பாடு பரிமாறுகிறவனுக்கு உலகம் பாதித் தூக்கத்தில்தான் அறிமுகமாகும். லண்டன் டூட்டிங்கில் முதல் ரயிலேறி, கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்தவருக்கு முட்டை சுமந்த சகபாவிகளே, உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எண்பதுகளின் கடைசியில் நான் சுமந்தது பேஸ்வாட்டரில் ஒரு சின்ன ஹோட்டலில். வந்து தங்கியவர்களில் பாதிப்பேர் அமெரிக்கர்கள்.

ஐஸ் தண்ணீர்

எங்கள் சமையல்காரர் துரை அண்ணை அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார். ஆனாலும் அமெரிக்கர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. சத்தமாகப் பேசுவார்கள், எதற்கும் ஐஸ் கேட்பார்கள், வாய் நிறையச் சிரிப்பார்கள், மனதில் ஒன்றும் இராது. ஒரு ஜனவரிக் காலை, வெளியே ஸ்னோ கொட்டிக்கொண்டிருக்க, ஒருவர் ஐஸ் தண்ணீர் கேட்டார். உள்ளே போய்ச் சொன்னேன். அண்ணைக்குப் பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

"நான் சொன்னனான்தானே? கிளாஸை ஜன்னலுக்கு வெளியில பிடி, வானமே போட்டுத் தரும்."

எப்படி இருக்கிறீர்கள்?

அமெரிக்கர்கள் எல்லாரும் இதைக் கேட்பார்கள். ஒருநாள் கன்சாஸிலிருந்து வந்த கோதுமை விவசாயியும் மனைவியும் கேட்க, நான் உண்மையாகவே பதில் சொல்லிவிட்டேன். மூக்கடைத்த தடிமன், அறைச் சுவரில் ஈரம், முடியாமல் கிடக்கும் அகதி வழக்கு, எல்லாம். இருவரும் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். முட்டை ஆறிப்போனது. பிறகு அவர் தன் வயலைப் பற்றிச் சொன்னார். அன்று முழுக்க நிலத்தடி ரயிலில் எனக்குக் கோதுமைக் காற்று வீசியது. அவருடைய வீட்டு வாசலில் ஒருநாளாவது நிற்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "எங்கள் வாசலில் நின்றால், நாளைக்கு வரப்போகிற மழையை இன்றைக்கே பார்க்கலாம்."

இரண்டு பேரும்

புறப்படும் நாளன்று கணவனும் மனைவியும் அடுப்படி வாசலுக்கே வந்து, "எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்றார்கள். "வாறன்" என்ற பொருளில் நானும் தலையாட்டினேன். "உது வாய் உபசாரம், தம்பி. பஸ்காரனையும் கூப்பிட்டிருப்பினம்" என்றார் துரை அண்ணை. எங்கள் பக்கம் கலியாணத்துக்குக்கூடப் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வந்து சொன்னால்தான் முழு அழைப்பு. வீட்டில் என் மனைவி செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இரண்டு பேருமே வந்து சொன்னவை? அப்ப போகாட்டி மரியாதை இல்லை."

பென்சில் வரைபடம்

"வழக்கு முடிந்து பயணப் பத்திரம் கிடைத்ததும் வருகிறோம்" என்று கடிதம் போட்டேன். மூன்று மாதம் பதில் இல்லை. "கன்சாஸ் என்னவாம்?" என்று அண்ணை தினமும் கேட்டார். நம்பியதற்காக எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே விமான நிலையத்திலிருந்து அவர்கள் வீட்டுப் படலை வரை பென்சிலால் கீறிய வழி. கீழே அந்த அம்மா எழுதியிருந்தார்: "அறுவடை முடிந்துதான் எழுத நேரம் கிடைத்தது. மேல்மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டோம். காலையில் நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்?" நான் வாசித்துக் காட்ட, துரை அண்ணை அடுப்பைத் தணித்துவிட்டு வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"இடியப்பம் எண்டு மட்டும் எழுதிப்போடாதை. பாவங்கள், தேடி அலையப்போகுதுகள்."

வழக்கு முடிய வருடக்கணக்காகி நான் போகாமலே இருந்துவிட்டதால், கன்சாஸில் யாராவது தமிழரைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனிதர்கள், வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள்" என்றுதான் அந்த இருவரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.