பீரோவில் வைத்த காபித் தூள்

ஈஸ்டர் காலை, மணி நான்கு பத்து. முதலில் கண்ணில் பட்டது நீல நெருப்பு. தேவாலயத்தின் பின்புறத் தகரக் கொட்டகையில் இரண்டு அடுப்புகள் எரிந்தன. ஒன்றில் பால், இன்னொன்றில் வெந்நீர். விளக்கு போடவில்லை. பெஞ்சின் மேல் எவர்சில்வர் டம்ளர்கள் பத்துப் பத்தாகக் கவிழ்ந்திருந்தன. அடுப்புக்கு முன்னால் முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “ஸ்தோத்திரம்பா” என்றார்.

சபையில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். அறுபது தாண்டியவர். முசரவாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகனின் வீட்டில் இருக்கிறார். அங்கே சமையல் மருமகளுடையது. இவர் காய் நறுக்கிக் கொடுப்பதோடு சரி. நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சோறு வடித்த கையால் இப்போது வேறொருவர் வாயில் படும்படி செய்கிற ஒரே பொருள் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கொடுக்கும் காபி. அதை அவரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நல்ல காபி அது. பெரிய சபைகளுக்குப் போய்விட்ட சில குடும்பங்கள் அதற்காகவே மாதம் ஒருமுறை எங்கள் பக்கம் வந்தன. சனிக்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டு அருகே கடையில் நின்று கண்முன்னால் அரைத்து வாங்கி வருவார். சிக்கரி நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. பாலை ஒருமுறைதான் காய்ச்சுவார். முதல் டிகாஷன் சபைக்கு. எல்லோரும் குடித்த பிறகு, இரண்டாம் டிகாஷனில் தனக்கு அரை டம்ளர். தூள் டின்னைத் திறந்ததும் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். ஒரு தலையசைப்பு. அதற்குப் பிறகுதான் கரண்டி.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் எங்கள் சபையில் யாரும் காபி குடிப்பதில்லை. முன்பு இருந்த போதகர் ஒருவர், எது உங்களுக்கு மிகவும் பிடிக்குமோ அதை நாற்பது நாள் விட்டுவிடுங்கள் என்று பிரசங்கித்தார். மற்ற சபைகளில் கறியை விட்டார்கள். இங்கே காபியை விட்டார்கள். லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று கொட்டகை பூட்டப்படும். ஈஸ்டர் காலையில் திறக்கும்.

அந்த ஆண்டு லெந்துக்கு முந்தைய சனிக்கிழமை இரவு அக்காவுக்குக் காய்ச்சல். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த தூளை மகனிடம் கொடுத்து அனுப்பினார். மற்றவர் போட்டால் கெட்டுவிடும் என்று யாரும் போடவில்லை. சபைச் செயலர் என்ற முறையில் டின்னை வாங்கி வைத்தவன் நான். பிஸ்கட் டின். மூடி சரியாகப் பொருந்தாது. கொட்டகையில் எறும்பு இருந்தது. அதனால் தேவாலயத்துக்குள் இருக்கும் பீரோவைத் திறந்து நடுத்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

அந்த நடுத்தட்டில்தான் ஈஸ்டருக்குப் பீடத்தில் விரிக்கும் வெள்ளைப் பட்டு இருக்கும். இரண்டு தெரு தள்ளி, கோயில்களுக்கும் நெய்து தரும் ஒருவர் நெய்தது. ஓரத்தில் ஜரிகைச் சிலுவை. பட்டுத் துணியைப் பூச்சி அரிக்காமல் இருக்க, மடிப்புக்கு மடிப்பு பாச்சை உருண்டை போட்டு வைப்போம். பட்டு இருக்கும் எந்த வீட்டிலும் செய்வதுதான். ஒன்றரை மாதம் டின் அந்தத் துணியின் மேல் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நாள் பட்டை எடுக்கும்போது டின்னையும் எடுத்து அக்காவிடம் நீட்டினேன். பீரோவிலிருந்து வழக்கமான நெடி வந்தது. துணியின் நெடி என்று விட்டுவிட்டேன். புதுத் தூள் வாங்கலாமே என்று கேட்டதற்கு, சபைக் காசில் வாங்கியதைக் கொட்டக் கூடாது என்றார். மூடியைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனார். தலையசைத்தார். இதை நான் ஓரடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

ஆராதனை ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. கைகுலுக்கல், வாழ்த்து, பிறகு வரிசை. நாற்பது நாள் விரதத்துக்குப் பிறகு கிடைக்கும் முதல் டம்ளர் என்பதால் வரிசையில் எப்போதும் ஒரு கேலி இருக்கும். அன்று கேலி ஏழாவது, எட்டாவது ஆளோடு நின்றுபோனது. பட்டுக்கடையில் விற்பனையாளராக இருக்கும் ஒருவர் ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார்.

“இன்னாக்கா, பீரோவத் தொறந்த மாதிரி இருக்குது? பொடவைய மடிச்சி உள்ள வெச்சியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஒரு பெண் மரியாதைக்குப் பாதி குடித்தார். பிள்ளைகள் துப்பினார்கள். நான் ஒரு வாய் குடித்தேன். நடுத்தட்டு நினைவுக்கு வந்தது. கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒவ்வொருவராகப் போய் ஊற்றிவிட்டு, காலி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் அவர் முகத்துக்கு நேரே குறை சொல்லவில்லை. பெஞ்சில் டம்ளர்கள் நிரம்பின. வேப்பமரத்தடி மண் கறுத்திருந்தது.

கழுவ உட்கார்ந்தபோது அந்த மண்ணை அக்கா பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீ பேப்பர்ல வேல பாத்தவன். இருக்கறத சொல்லுவ. இன்னா வாசன வருது அதுல?”

“தூள் கொஞ்சம் பழசாயிடுச்சிக்கா. வேற ஒன்னும் இல்ல.”

“பாச்சை உருண்டைன்றாங்களே.”

கழுவிய டம்ளர்களை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அவர் கையிலிருந்த டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“எனக்கு ஒன்னும் தெரிலபா. அந்தக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து மூக்குக்கு ஒன்னுமே தெரில. பால் அடிபுடிச்சாலும் தெரில, சாம்பார் ஊசிப்போனாலும் தெரில. மருமவகிட்டகூட சொல்லல. இன்னிக்குக் காட்டிக் குடுத்துடுச்சி.”

டின்னை எங்கே வைத்தேன் என்று சொல்ல அதுதான் இடம். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. முப்பது வருடம் மற்றவர்களின் பிழைகளைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். பிழை எங்களுடையதாக இருந்தால் மறுநாள் உள்பக்கத்தில், கீழ்மூலையில், ‘திருத்தம்’ என்று இரண்டு வரி போடுவோம். சொன்னாலும் அவருக்கு மூக்கு திரும்பி வராது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை. ஆனால் மூக்கு நன்றாக இருக்கும் ஒருவர் போட்டிருந்தாலும் அந்தத் தூள் முதலிலேயே என் கையால் கெட்டதுதான். அதுவும் உண்மை. இரண்டில் ஒன்றைத்தான் அன்று எடுத்துக்கொண்டேன்.

“இனிமே வேற யாரனா பாத்துக்கட்டும்பா,” என்று சொல்லி, கொட்டகைச் சாவியை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். ஈரமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டார். மூன்றாவது வாரம் கமிட்டி கூடியது. பொத்தானை அழுத்தினால் காபி வரும் இயந்திரம் ஒன்றை வைப்பதென்று முடிவானது. அக்காவையே தொடரச் சொல்லலாமே என்று ஒருவர் கேட்டார். அவருக்கு வாசனை தெரிவதில்லையாம் என்று இன்னொருவர் சொன்னார். அது எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை, நான் சொல்லவில்லை. தீர்மானத்தை எழுதியது நான். காரணம் என்ற இடத்தில் ‘சகோதரியின் உடல்நிலை கருதி’ என்று எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இயந்திரம் வந்த ஞாயிறு, காலை ஒன்பது நாற்பதுக்கு வரிசை தொடங்கியது. அக்கா கடைசியில் நின்றார். காகிதக் கப்பை வாங்கினார். வழக்கம்போல அதை முதலில் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு முழுவதையும் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.