நாலு வீட்டுக் காற்றாடி

திருநெல்வேலியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகும்போது, ஆரல்வாய்மொழி தாண்டும்வரை ரயில் ஜன்னலை விட்டு நகர மாட்டேன். அங்கே வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை யோசித்தேன். நாலு குடும்பம் சேர்ந்து சின்னதாக ஒன்று சொந்தமாக வைத்தால் என்ன?

நாங்கள் குடியிருப்பது மலையாள மண்ணில், ஆரியசாலையில். எங்கள் சந்தில் நாலு வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. இரண்டு வீட்டார் உடனே சரி என்றார்கள். அடுத்த வீட்டுக்காரர் வற்றல்மிளகாய் மொத்த வியாபாரி. அவருடைய மாடிதான் உயரம். அவர்தான் தயங்கினார்.

"அது ஆடுனா சுவரும் கூட ஆடும்லா? இது பழைய சுண்ணாம்புச் சுவராக்கும்."

"மொதல்ல காத்து இருக்கான்னு பாப்போம் அண்ணாச்சி" என்றேன்.

கல்லூரியில் வேலை பார்க்கும் தோழியிடம் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியை இரவல் வாங்கினேன். அதையும் ஒரு சிவப்பு நாடாவையும் மூங்கில் கழியில் கட்டி அவர் மாடியில் நிறுத்தினோம். மழைக்காலம் முழுக்க, அலுவலகம் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அளவை ஒரு நோட்டில் குறித்தேன். இரண்டாவது வாரம் நான் ஏறிப் போனால், அவரே குறித்து வைத்திருந்தார்.

"மேக்கேருந்து வாறப்ப நல்லா சுத்துது. எதுத்தாப்ல உள்ள புது கெட்டிடத்துல தட்டி வந்தா மட்டும் நாடா தெசை தெரியாம கிடந்து கறங்குது, கண்டீங்களா?"

நோட்டோடு மின்சார அலுவலகம் போனேன். அங்கிருந்த அதிகாரி பாலக்காட்டுத் தமிழர்.

"சோலாருக்கு ஃபாரம் உண்டு மேடம். காத்துக்கு, அதுவும் நாலு வீட்டுக்குச் சேர்த்து... இதுவரை ஆரும் கேட்டதில்லையே."

"ஃபாரம் இல்லேன்னா வைக்கக் கூடாதுன்னு அர்த்தமா சார்?"

சற்று யோசித்து, "எனக்கும் தெரியலை" என்றார். அந்த உண்மை எனக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை அவரே வந்து மாடி ஏறினார். நோட்டைப் புரட்டினார், சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"சுவரைத் தொடவே வேண்டாம். பின்பக்கம் தரையிலேருந்து தனியா தூண் நிறுத்துங்கோ. இப்போதைக்கு கரண்டை பேட்டரியிலே சேர்த்து வெச்சுக்கோங்கோ. நம்ம லைனோட சேர்க்கறதுக்கு மேலே இருக்கறவாளுக்கு எழுதிக் கேட்போம்."

அடுத்த மழைக்காலத்தில் தூண் எழுந்தது, அதன் உச்சியில் காற்றாடியும் ஏறியது. முதல் இரண்டு நாள் இலைகூட அசையவில்லை. மூன்றாம் நாள் மாலை மேற்குக் காற்று வந்து இறக்கைகள் சுற்றியபோது, வியாபாரி ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தார்.

"ஒண்ணும் கேக்கல்லியே" என்றார், ஏதோ குறைந்துவிட்ட மாதிரி.

இப்போது நாலு வீட்டு மாடிப்படி விளக்குகளும் சந்து விளக்கும் அதில்தான் எரிகின்றன. பங்குனி வெயிலில் நாட்கணக்கில் சும்மா நிற்கும். அப்போது பழைய மின்சாரத்துக்கு மாறிக்கொள்கிறோம். லைனோடு சேர்க்கக் கேட்டு வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டால் அதிகாரி சிரிக்கிறார். "மேலே இப்பவும் வாசிச்சிண்டிருக்கா."