பஞ்சாலையின் எலுமிச்சை மரமும் மாவுப்பூச்சியும்

பஞ்சாலையைப் பற்றி மலாயாவில் லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும், பாவம், பூச்சியால் புருஷனைப் பறிகொடுத்தவள் என்பார்கள். சுத்தப் பொய். அவனைக் கொண்டுபோனது நான் கொடுத்த ஆசிட். எழுபது வயதுக்கு மேல் இதைச் சொல்ல எனக்கென்ன பயம்?

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் ஆண்பிள்ளையே இல்லை. பஞ்சாலையின் புருஷன் மாயாண்டி தப்பினான். காரணம், அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற எலுமிச்சை மரம். தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜப்பான் அதிகாரிக்கு மீன் மேல் எலுமிச்சை பிழியாமல் சோறு இறங்காது. வாரம் ஒரு கூடை பழம் வரும்வரை மாயாண்டியைப் பட்டியலில் எழுத வேண்டாம் என்று கூலிகளை மேய்த்த மண்டோர் இராஜமாணிக்கத்திடம் சொல்லியிருந்தான்.

வெயில் மாதத்தில் மரத்தின் தளிரெல்லாம் சுருண்டது. இலையைத் திருப்பினால் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. ஊசி மாதிரி வாயைத் தண்டில் இறக்கிவிட்டு அங்கேயே குடித்தனம் பண்ணும். நாங்களும் மரத்தைக் கீறிப் பால் எடுத்துப் பிழைக்கிறவர்கள்தான். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் மரத்துக்கு ஓய்வு கொடுப்போம். இந்தச் சனியன் பொழுதெல்லாம் உறிஞ்சியது. குடித்தது போக மிச்சம் பிசுபிசுவென்று இலையில் சொட்ட, அதை நக்க எறும்பு சாரை சாரையாக ஏறியது. பிசுக்கின் மேல் கரி பூசினாற்போல் கறுப்புப் படிந்தது. பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்தன.

பஞ்சாலை சும்மா இருக்கவில்லை. ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பழந்துணியால் துடைத்தாள், சாம்பல் தூவினாள். துடைத்த கிளைக்கே எறும்பு மறுபடி பூச்சியைத் தூக்கி வந்து விட்டது. கூடை பாதியானது. மண்டோர் முகம் சுளித்தான். அவளுக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் என் வாய்க்கொழுப்பு குறுக்கே வந்தது. நான் பால் ஸ்டோரில் ரப்பர்ப் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்தவன். வேலை நின்றுபோனாலும் ஆசிட் ஜாடி மூலையில் கிடந்தது. பாலையே கட்டியாக்குகிற சரக்கு, பூச்சி எம்மாத்திரம் என்று பீற்றிக்கொண்டேன். பாலுக்குக் கலக்குகிற அளவிலேயே தண்ணீரில் கலந்து கொடுத்தேன். தெளித்தாள், பூச்சி அசையவில்லை. மானம் போகிறதே என்று மறுநாள் ஆசிட்டைக் கூட்டிக் கொடுத்தேன். முட்டாள் பயல் நான்.

பூச்சி செத்தது. மூன்றாம் நாள் இலைகளும் வெந்து கொட்டி, மரம் மொட்டையாக நின்றது. அந்த வாரம் கூடை போகவில்லை. அடுத்த வாரம் லோரி வந்தது.

மாயாண்டி பகலெல்லாம் மரவள்ளிக் காட்டில் வேலையாய்க் கிடந்தவன். ஆசிட் விஷயம் அவனுக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. லோரியில் ஏறும் முன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பூச்சி அடிச்சதுக்கு நீ என்னா புள்ள பண்ணுவ? எல எலயா தொடச்சியே. அழுவாத," என்றான்.

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். இவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னான். நான் தலையாட்டினேன்.

சண்டை முடிந்து திரும்பிய நாலைந்து பேர், அவன் காலராவில் போய்விட்டதாகச் சொன்னார்கள். பஞ்சாலை அதற்குப் பிறகு முப்பது வருஷம் தனியாகப் பால் வெட்டினாள். என்னை ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாவதற்கு முந்தின வாரம் பார்க்கப் போனேன். எழுந்து உட்காரக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"அண்ணே, நாந்தான் ஆசிட் ஊத்துனேன்னு சொல்லியிருந்தா அவரு என்னைய ஏசியிருப்பாரு. ஏசிட்டாவது போயிருப்பாருல்ல?" என்று கேட்டாள்.

கலந்து கொடுத்தவன் நான், உன் மேல் தப்பில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்துவிட்டேன்.