மாதுளையடியில் புதுமண்

வட்டக்கச்சி வீட்டை விற்று நெளுக்குளத்துக்குப் போவதற்காகச் சாமான்களைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பழைய சாமான் வாங்க வந்த வியாபாரி தையல் மெசினின் மூடியைத் திறந்ததும் எழுந்த பழைய கிறீஸ் மணம் என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோனது.

சண்டை நெருங்கி ஊரைவிட்டு இடம்பெயருவதற்கு முன், அம்மா இதே மெசினுக்குக் கிறீஸ் அப்பி, யூரியாப் பையால் சுற்றி, குசினி அடுப்படிக்குப் பின்னால் குழி தோண்டித் தாட்டார். புதுமண் தெரியாதிருக்கத் தண்ணீர் ஊற்றி மிதித்து, சாம்பலும் சருகும் பரப்பி, நிமிரும்போதெல்லாம் பக்கத்து வளவு மலர் அக்கா பார்க்கிறாரா என்று வேலிப்பக்கம் கண் வைத்தார். மலர் அக்காவும் தன் மாதுளையடியில் தண்ணீர் ஊற்றி மிதித்துக்கொண்டிருந்தார்.

“ஏதும் தாட்டனீங்களோ?” என்று அவர்தான் முதலில் கேட்டார்.

“எங்களிட்டை என்ன கிடக்கு, தாட்டு வைக்க? நீங்கள்?” என்றார் அம்மா.

“நானும் ஒண்டும் வைக்கேல்லை.”

இருவரும் சிரித்தார்கள். ஒருவரும் நம்பவில்லை.

திரும்பி வந்தபோது எங்கள் மெசின் வைத்த இடத்திலேயே இருந்தது. மலர் அக்கா வரவேயில்லை. அவருடைய வளவு பற்றைக்காடாகிவிட்டது. மாதுளை மட்டும் நிற்கிறது.

மெசினை வண்டியில் ஏற்றிய வியாபாரி வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தார்.

“அந்த வளவுக்கை பழைய சாமான் ஏதும் கிடக்கோ, அம்மா?”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அங்கை என்ன கிடக்கு, தம்பி?”

அவர் போகும்வரை அம்மா மாதுளைப் பக்கம் திரும்பவேயில்லை.