அம்மாவுக்குக் கிடைத்த கிரகணம்

என் மகன் பிறந்த மூன்றாம் நாள் வீடியோ காலில் அவனை அம்மாவுக்குக் காட்டினேன். வெம்பக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊரில் போனைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, யார் ஜாடை, என்ன எடை என்று எதையும் கேட்கவில்லை. "மேல் ஒதட்டக் காட்டு" என்றாள். காட்டினேன். "ரெண்டு காதையும் காட்டு." காட்டினேன். "வெரல எண்ணிப் பாத்தியா?" அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் படுக்கையில் கவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

மாசமாக இருப்பவள் கிரகணத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு உதடு பிளந்திருக்கும், காது மடங்கியிருக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் பார்த்ததோடு நிற்கவில்லை. ஐந்து மாத வயிற்றோடு ஒரு குட்டி விமானத்தில் ஏறி, மேகத்துக்கு மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்.

நாங்கள் அப்போது டெக்சாஸில் இருந்தோம். அந்த வருடம் முழுச் சூரிய கிரகணம் எங்கள் வட்டாரத்தின் மேலேயே போனது. என் கணவரின் ஆபீஸில் மூத்தவர் ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், சொந்தமாக நான்கு சீட்டு விமானம் வைத்திருந்தார். அங்கே அப்படிப் பலர் இருக்கிறார்கள். கிரகணத்தன்று மேகம் மூடும் என்று வானிலையில் சொல்லிவிட்டார்கள். தரையில் நின்றால் ஒன்றும் தெரியாது, மேலே போய்விடலாம், ரெண்டு சீட்டு காலியாக இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார். டாக்டரிடம் கேட்டேன். போய் வா, தண்ணீர் நிறையக் குடி என்றார். விமானக்காரர்தான் என் எடையைத் தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்த மாதிரி விமானத்தில் ஒவ்வொருவர் எடையையும் கூட்டிப் பார்த்துத்தான் பெட்ரோல் போட வேண்டுமாம்.

கிளம்பும் நாள் காலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஊரில் அப்போது விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். சொல்லாமலேயே போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு ஆகாசத்துல போயிக் கிரகணம் பாக்கப் போறியா? கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? கதவச் சாத்திட்டுப் பேசாமப் படு."

"உலகமே பாக்குதும்மா."

"ஒலகத்துக்கு வயித்துல புள்ள இருக்கா? படுடி. இன்னைக்கி ஒரு நாளாச்சும் படு."

நான் வைத்துவிட்டேன். விமானத்தில் ஏறியதற்குப் பாதிக் காரணம் ஆசை. மீதிப் பாதி வீம்பு. அந்த வீம்புக்கு இருபத்தைந்து வயது.

நான் ரெண்டாம் வகுப்புப் படித்தபோது ஒரு கிரகணம் வந்தது. ஆடி அமாவாசை, பள்ளிக்கூடம் லீவு. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் அட்டையில் ஊசியால் துளை போட்டு, அதன் வழியே தரையில் விழும் வெளிச்சத்தில் சூரியன் பிறை மாதிரித் தெரியும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். நான் பட்டாசுப் பெட்டி அட்டை ஒன்றில் துளை போட்டு வைத்திருந்தேன். அம்மா அப்போது தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள், ஏழாவது மாதம். அன்று அவள் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகவில்லை. காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனதும் கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு தாழ்ப்பாள் போட்டாள். அப்பா ஆலங்குளத்துக்குச் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றப் போயிருந்தார். காப்பாற்ற ஆள் இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலண்டர் படிக்கத் தெரியாமல் இருக்காது. சிவகாசியில் அடித்த தாள்தான் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கும். கிரகணம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலே என்று அதில் போட்டிருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். "சும்மா கெட புள்ள" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். படுத்தவள் தூங்கிவிட்டாள். பகல் முழுக்கத் தூங்கினாள். சமைத்து வைத்திருந்த சோற்றை நானே போட்டுத் தின்றேன். கொட்டகை மாதிரி வெந்த அந்த வீட்டுக்குள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் தெருவில் பிள்ளைகள் கத்துவது கேட்டது. அழுதேன். அவள் புரண்டு கூடப் படுக்கவில்லை.

சாயங்காலம் வருகிற கிரகணத்துக்குக் காலையிலேயே கதவைச் சாத்துகிற முட்டாள்தனம் என்று பிறகு எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கல்லூரியில் சொன்னேன். கல்யாணம் ஆன புதிதில் கணவரிடம் சொன்னேன். சிரித்தேனே தவிர ஆத்திரம் அடங்கவில்லை.

விமானம் மேலே ஏறியபோது ஜன்னலுக்கு வெளியே வெறும் பஞ்சுப் பொதியாக மேகம். அதைத் தாண்டினோம். மேலே நல்ல வெயில். சுற்றிலும் எங்களைப் போலவே கிளம்பி வந்த குட்டி விமானங்கள். ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் இருக்க ரேடியோவில் பேசிக்கொண்டே வட்டமடித்தார்கள், இருக்கன்குடிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டம் வானத்தில் நடப்பதுபோல. சூரியன் உச்சிக்குக் கிட்டே இருந்ததால் நேராகப் போனால் கூரை மறைத்தது. விமானக்காரர் ஒரு பக்கமாகச் சாய்த்தார். என் ஜன்னல் வானத்தைப் பார்த்தது, எதிர்ப் பக்கத்து ஜன்னல் மேகத்தைப் பார்த்தது. கறுப்புக் கண்ணாடி வழியே சூரியன் நகத்துண்டு அளவுக்குத் தேய்ந்திருந்தது.

பிறகு நிழல் வந்தது. தென்மேற்கிலிருந்து மேகத்தின் மேலேயே ஓடி வந்தது. கண்ணெதிரே வெள்ளை மேகம் ஊதா ஆகி, கறுப்பாகி, எங்களை மூடிக்கொண்டு போனது. விமானக்காரர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி வெள்ளை வெளிச்சம் மயிர் மயிராக. அடிவானம் எட்டுத் திக்கிலும் அந்தி நேரம்போலச் சிவந்திருந்தது. என் கணவர் அழுதார். அந்தப் பெரியவர் ஏதோ ஜெபம் சொன்னார். எனக்கு வந்தது கோபம். இதையா என் கையிலிருந்து பிடுங்கிப் பூட்டி வைத்தாள்? இதை ஒரு துளி பார்க்க விடாமலா குறட்டை விட்டாள்? வயிற்றில் பிள்ளை உதைத்தது. நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்து, மறுபடி வெயில் வந்துவிட்டது.

மகனுக்குப் பத்து மாதம் ஆனபோது ஊருக்குப் போனேன். அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. மூச்சு இளைக்கிறது. பேரனை வாங்கி மடியில் போட்டவள், என் கண் முன்னாலேயே அவன் மேலுதட்டைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் எத்தன நாளைக்கித் தடவுவ? வெடி மருந்துக்குப் பயமில்ல ஒனக்கு. தம்பி வயித்துல இருக்கப்ப ஒம்போதாம் மாசம் வரைக்கும் அலுமினியப் பொடியில முங்கி எந்திரிச்சியே, அப்ப எங்க போச்சு ஒன் தோஷம்? கையப் பிச்சுப் போடுற மருந்து ரூமுக்குத் தெனம் போவியாம், நெழலுக்கு மட்டும் பயந்து கதவச் சாத்துவியாம்!"

சொல்லும்போதே அதிகம் என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. அம்மா பையனை என்னிடம் நீட்டவில்லை. அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"யாரு பயந்தா?" என்றாள்.

"அன்னைக்கி விடியக் காலையிலயே சாத்துனியே."

"ஆடி மாசம் தீவாளிச் சீசன். ஆர்டர் குமிஞ்சு கெடந்துச்சு. போர்மேன் லீவுங்கிற சொல்லயே கேக்க மாட்டாக. எனக்குக் காலு ரெண்டும் தூணு மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கேட்டேன், தரல. தல சுத்துதுன்னு சொன்னேன், தரல. கிரகணம்னு சொன்னேன். மாசமா இருக்கவ அன்னைக்கி மருந்து ரூம்ல நின்னா ரூமே வெடிச்சிரும்னு அவுகளுக்குப் பயம். பஸ்ஸுலயே ஏறாதன்னு சொல்லிப்புட்டாக."

"கிரகணம் சாயங்காலம்தானம்மா?"

"அவுகளும் அதத்தேன் கேட்டாக. மத்தியானம் வரைக்கும் வேல பாத்துட்டுப் போன்னாக. தோஷம் விடியும்போதே எறங்கிரும், பெரியவுக சொல்லிருக்காகன்னு நாந்தேன் ஒரு போடு போட்டேன்." அம்மாவின் முகத்தில் இத்தனை வருடம் கழித்தும் ஒரு கள்ளச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஒன்னய வெளிய விட்டா, எங்கம்மா தூங்குதுன்னு தெருவுல சொல்லிப்புடுவ, அது போர்மேன் காதுக்குப் போயிரும். அதான் தாப்பாளப் போட்டேன். ஒந்தம்பி வயித்துல இருந்த மாசத்துல நான் பகல்ல படுத்தது அந்த ஒரு நாளுதேன்."

இருபத்தைந்து வருடம் அவள் தூக்கத்தைக் கதையாக்கி ஊர் ஊராகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"அப்ப ஏம்மா என்னய மட்டும் போகாதன்ன? ஒதட்ட ஏன் தடவுற?"

"நம்புறேனோ நம்பலயோ, எனக்கென்ன தெரியும். தடவிப் பாத்தா மனசுக்கு ஆகுது." பையனை மடியில் மாற்றிப் போட்டாள். "கிரகணம்னா மாசமா இருக்கவ படுத்துக் கெடக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தேன். நீயும் அன்னைக்கி வேல சோலிய விட்டுட்டுப் படுப்பன்னு நெனச்சேன். நீ என்னடான்னா ஆகாசத்துக்குப் போறேங்கிற."

விமானத்திலிருந்து நான் எடுத்திருந்த, அதுவரை அவள் பார்க்க மறுத்திருந்த வீடியோவைப் போனில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். மேகத்தில் நிழல் ஓடி வந்தது, கறுப்பு வட்டம் வந்தது, என் கணவர் அழும் சத்தம் கேட்டது. அம்மா கண் இமைக்காமல் பார்த்தாள். மறுபடி வெளிச்சம் வந்ததும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முடிஞ்சு போச்சா? இம்புட்டு நேரந்தானா?"

"நாலு நிமிசம்தாம்மா."

"அட, இதுக்கா எனக்கு ஒரு நாள் முழுக்கக் குடுத்தாக!" அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மடியில் இருந்த பையனும் சேர்ந்து சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீங்கிய காலுக்குக் கொடுக்காத லீவை நிழலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அவளுக்காக இல்லை, ரூம் வெடித்துவிடக் கூடாதே என்று. என் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, ஆனால் அது இப்போது அம்மா மேல் இல்லை. "குடு அவன, நான் வச்சுக்கிறேன்" என்று பையனை வாங்கிக்கொண்டேன். "நீ கொஞ்சம் படும்மா" என்றேன். பட்டப்பகல். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.