இரைச்சல் நீக்கிய குரல்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்குச் சம்பளம் கொடுப்பது அடுத்தவர் கோபத்தைக் கேட்பதற்கு. ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். உதவி எண்களுக்குப் போன் செய்கிறவர்களின் குரல்கள் என் ஹெட்போனுக்கு வரும். ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், குழந்தையின் அழுகை எல்லாவற்றையும் ஒரு மென்பொருள் முதலிலேயே துடைத்துவிடும். மிஞ்சிய வெறுங்குரலைக் கேட்டு, கோபமா, சோகமா, சாதாரணமா என்று நான் பொத்தானை அமுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் மனித உணர்ச்சியைக் கற்றுக்கொள்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பெண் முகத்தில் தெரிந்தது வெட்கமா வெறுப்பா என்று இன்றுவரை விளங்காத என்னிடம்!

என் அண்ணன் பீன்யா தொழிற்பேட்டையில், தகடு அடிக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் பதினைந்து வருடமாக நிற்கிறான். ஆரணியில் இருந்தபோது அவன் பேசினால் எதிரில் இருப்பவருக்கே கேட்காது. இங்கே உப்பு கேட்டாலும் தெரு திரும்பிப் பார்க்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாடிவீட்டுக் கன்னட அம்மா பதறி இறங்கி வந்தார். "யாக்ரீ, அண்ண தம்ம ஜகளானா?" சண்டையில்லை, இன்னொரு தோசை கேட்டான் என்று என் ஓட்டைக் கன்னடத்தில் விளக்கினேன். அவர் நம்பவில்லை, போகும்போது என்னைத்தான் முறைத்தார்.

சென்ற மாதம் அண்ணிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. இன்ஷூரன்ஸ் அனுமதி வந்தால்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த வாரம் என் ஹெட்போனில் அண்ணன் வந்தான். தமிழ் அழைப்புகளைக் கேட்பவர்கள் நாங்கள் மூன்றே பேர், என்றாவது வரவேண்டியதுதான். "எப்ப சார் அப்ரூவல் வரும்? நாளு நெருங்குது சார்!" பின்னால் எந்திரச் சத்தம் இல்லை, துடைத்திருந்தார்கள். அந்தச் சுத்தமான நிசப்தத்தில் அவன் யாரையோ அடிக்கப் போகிறவன் போலிருந்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே குரலை மூவரும் தனித்தனியே கேட்போம். மற்ற இருவரோடு ஒத்துப்போகாதவனுக்கு மதிப்பெண் குறையும். அடிக்கடி குறைந்தால் வேலை ஆட்டம் காணும். அவர்கள் எதை அமுக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணன் பயந்துபோயிருக்கிறான் என்பதும் தெரியும், எனக்கு மட்டும். 'கோபம்' அமுக்கினேன். பிறகு டீ குடித்தேன். டீ நன்றாகவே இருந்தது.

மூவரும் கோபம் என்றால் அழைத்தவரின் போன் எண்ணை ஒதுக்கி வைப்பார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதற்குமுன் அறிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை. இரண்டு நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டான்.

"டேய், போன் போட்டா ஒரு பொம்பளக் குரலு, அமைதியானதும் கூப்புடுங்கன்னு சொல்லி வச்சிடுதுடா. நான் இன்னாடா கோவப்பட்டேன்? கால்ல வுழாத கொறையாதான கேட்டேன்?"

"கொஞ்சம் மெதுவா பேசுண்ணா."

"மெதுவாத்தான்டா பேசுறேன்!"

அண்ணியின் ஆபரேஷன் தள்ளிப்போனது. வலியோடு அவர் படுத்திருக்க, நான் அலுவலகத்துக் கண்ணாடி அறைக்குள் போய், என் போனிலிருந்து, அண்ணன் பெயரைச் சொல்லிப் பேசினேன். அவன் பிறந்த தேதி, அவன் பாலிசி எண். தாயார் பெயரும் கேட்டது பதிவுக் குரல். அது ஒன்றில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. உள்ளுக்குள் அத்தனை பேரையும், முக்கியமாக என்னை, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தேன். போனை எடுத்த எந்திரத்துக்கு நான் சாதாரணம். உடனே ஒரு மனிதரிடம் இணைத்தது. அடுத்த நாளே அனுமதி வந்துவிட்டது.

செய்தி கிடைத்ததும் அண்ணன் வேலையிடத்திலிருந்தே கூப்பிட்டான். நான் கம்பெனி வண்டியில், கண்ணாடிகள் ஏற்றிய குளிரில், மேம்பாலத்தின் மேல் இருந்தேன். "டேய், நீ பேசினா மட்டும் எப்பிட்றா கேட்டுக்குறாங்கோ?" பின்னால் எந்திரம் தடதடத்தது. வண்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கட்டைவிரல் தானாகப் போய், அண்ணனின் ஒலியை இரண்டு படி குறைத்துவிட்டிருந்தது.