ஓரமாக எடுத்த கார்

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அக்காவைப் பார்க்கப் போன மாதம் காரில் போனேன். வளைவில் எதிரே வந்த, தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரையின் ஜீப், என் பக்கம் ஏறி வந்து காரின் முன்விளக்கை நொறுக்கியது. மேலே மலையில் நின்ற அக்கா அதை நேராகப் பார்த்தாள்.

"கொழுந்து லொறி வருது, வண்டிய ஓரமா எடு" என்றார் துரை. எனக்கு நாற்பது வயது, பள்ளிக்கூட ஆசிரியர். துரை சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டேன்.

சேதத்தைப் பார்க்கக் காப்புறுதிக்காரர் வந்தபோது, நான்தான் தன் பக்கம் ஏறி வந்ததாகத் துரை சாதாரணமாகச் சொன்னார்.

"மோதின இடத்துல எடுத்த போட்டோ இருக்கா சார்?" என்று காப்புறுதிக்காரர் என்னைக் கேட்டார். இல்லை. அக்காவைக் கூப்பிட்டேன். இறங்கி வந்தவள் முதலில் துரையைப் பார்த்தாள்.

"நா கொழுந்து பறிச்சிக்கிட்டு இருந்தேங்க. ஒன்னும் பாக்கலைங்க."

தவறு என்னுடையது என்று எழுதிக்கொண்டு அவர் போனார்.

இப்போதெல்லாம் யார் சொன்னாலும், படம் எடுக்காமல் வண்டியை நகர்த்துவதில்லை. தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் ஆள் யாரையும் சாட்சிக்குக் கூப்பிடுவதும் இல்லை. மோதிய மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அக்கா அந்தத் துரையின் முன்னால்தான் போய் நின்றாள்.